ருசி பார்த்தது சாப்பாட்டில் சேராது

பேக்கரி வேலை என்பது, ஊர் காலையில் பாண் சாப்பிடுவதற்காக இரவு முழுக்க முழித்திருந்துவிட்டு, ஊர் முழித்திருக்கும் நேரத்தில் நித்திரை வராமல் பாயில் புரளுகிற வேலை. முப்பது வருடம் மானிப்பாய்ப் பக்கத்தில் ஒரு பேக்கரியின் போறணை அடுப்பு வாசலில் நின்றவன் நான். பள்ளிக்கூடம் ஏழாம் வகுப்போடு சரி. மிச்சப் படிப்பெல்லாம் பகல் நித்திரை வராத நேரங்களில், பாண் சுற்றுவதற்கென்று வாங்கிப் போட்ட பழைய பேப்பர்க் கட்டுகளில் படித்தது.

இரத்தத்தில் கொழுப்பு என்று எழுதிய துண்டுப் பேப்பரை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒழுங்கை முனையில் நின்றவர்கள் உங்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். நீங்கள் என் இனம். மற்றவர்கள் இப்போதைக்குச் சிரிக்கலாம். வயது எல்லோருக்கும் வரும்.

எனக்கு முதல் அதே போறணையில் நின்றவர் என் அண்ணர். நாற்பத்தெட்டு வயதில் ஒரு விடியற்காலை, கடைசித் தட்டை வெளியே இழுத்து வைத்தார், "நெஞ்சு ஒரு மாதிரிக் கிடக்கு" என்று மா மூட்டையில் சாய்ந்தார், எழும்பவில்லை. எண்பத்தொன்பதாம் ஆண்டு எனக்கு நாற்பத்தேழு. அந்த நாற்பத்தெட்டைத் தாண்டிவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு இலட்சியம் ஏதும் இருக்கவில்லை. கீழே எழுதியிருப்பது அதைத் தாண்டுவதற்குப் பட்ட பாடு.

இறங்காத மூட்டை

ஒரு பின்னேரம் லொறியில் வந்த மா மூட்டை ஒன்றை முதுகில் ஏற்றி, பத்தடி நடந்து உள்ளறைக்குள் போட்டேன். முப்பது வருடமாய்ப் போடுகிற மூட்டைதான். அன்றைக்கு மட்டும் இறக்கிய பிறகும் அது இறங்காத மாதிரி நெஞ்சுக்குள் கிடந்தது. மாத்தூசு என்று சொல்லி இருமிக் காட்டினேன். எங்கள் தொழிலில் இருமல் கௌரவமான வியாதி, எல்லோருக்கும் உண்டு. ஆனால் என்னோடு மா குழைக்கிற அந்தோனி நம்பவில்லை. குருநகர்க்காரன், அண்ணர் காலத்திலேயே வேலைக்கு வந்தவன், அண்ணர் சாய்ந்தபோது தலையைத் தாங்கிப் பிடித்தவனும் அவன்தான். என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றி டொக்டரிடம் கொண்டுபோய் இறக்கினான்.

டொக்டர் முதலில் குழாயை வைத்து நெஞ்சைக் கேட்டார். பிறகு அண்ணரின் கதையைக் கேட்டார். இரண்டாவதைத்தான் கூடக் கவனமாய்க் கேட்டார் என்று எனக்குப் பட்டது. சுருட்டை விடவேண்டும், பொரியலையும் தேங்காய்ப்பாலையும் குறைக்கவேண்டும், தினமும் நடக்கவேண்டும், முதலில் வெறும் வயிற்றில் இரத்தம் சோதித்து வரவேண்டும் என்று அடுக்கினார். "ஐயா, அப்ப எனக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டேன். அவர் பேனையை மூடினார்.

"வருத்தம் இன்னும் வரேல்லைக் காணும். ஆனா உம்மடை ஒழுங்கை முகப்பிலை வந்து நிண்டு, 'ஆள் வீட்டிலை நிக்கிறாரோ' எண்டு விசாரிச்சுக்கொண்டு நிக்குது."

வெறும் வயிறு

இந்த இடத்தில் எங்கள் தொழில் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். ஒவ்வொரு ஈடும் வெந்து வெளியே வந்ததும், போறணைக்காரன் அதில் ஒன்றைப் பிய்த்து, மாஜரின் பூசி, வாயில் போடவேண்டும். உப்புக் காணுமோ, புளித்தது சரியோ, நடுவில் வெந்ததோ என்று அவனுடைய நாக்குத்தான் தீர்ப்புச் சொல்லும். அவன் தலையாட்டிய பிறகுதான் பெட்டியில் அடுக்குவார்கள். பாண் மூன்று ஈடு, பணிஸ் இரண்டு, பிறகு றோல்ஸ், வெள்ளிக்கிழமை என்றால் கேக். நான் தலையாட்டாமல் ஒரு துண்டு வெளியே போனதில்லை என்பதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

இரத்தம் குடுக்கப் போகிற நாளுக்கு முதல்நாள் பின்னேரம் ஆறு மணிக்குச் சாப்பிட்டு வாயைக் கழுவினேன். வேலை முடிந்து, வீபூதி பூசி, நேரே பட்டணத்துக்குப் போய்க் கையை நீட்டினேன். இரத்தம் எடுத்த தம்பி கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து கண்ணாடிக் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தான். மேல்பாதி தெளிவாய் இருக்கவேண்டுமாம். என்னுடையது தேங்காயின் முதற்பால் மாதிரி வெள்ளையாய்க் கலங்கிக் கிடந்தது.

"ராத்திரி என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ஆறு மணிக்குப் பிறகு ஒண்டுமில்லைத் தம்பி."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"சாப்பிடேல்லை எண்டுறன். ருசி பாத்தனான், அவ்வளவுதான்."

என்னத்தை என்று கேட்டான். ஈடு ஈடாய்ச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவன் குழாயைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாய் நின்றான்.

"அண்ணை, நீங்கள் ருசி பாத்ததை எங்கடை வீட்டிலை கலியாணச் சாப்பாடு எண்டு சொல்லுவினம். ஒரு நாள் லீவு போட்டிட்டு வாங்கோ."

பால் விடாத சொதி

லீவு போட்டுக் குடுத்த இரத்தத்துக்கு வந்த ரிப்போட்டில் டொக்டர் ஒரு எண்ணைச் சிவப்பு மையால் இரண்டு தரம் சுற்றி, மூன்று மாதத் தவணை தந்தார். அதைப் பார்த்த நாளிலிருந்து சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டுக் குசினியில் என் மனுசி பரமேஸ்வரியின் ஆட்சி கடுமையாயிற்று. சொதிக்குத் தேங்காய்ப்பால் விடமாட்டாள். புட்டுக்குத் தேங்காய்ப்பூ, கோயிலில் வீபூதி தருகிற அளவில் விழும். குத்தரிசிச் சோறு, முருங்கையிலை வறை, கீரை, பொரிக்காத மீன், பின்னேரத்தில் குரக்கன் புட்டு. பொரித்த மிளகாய்க்கு நான் கை நீட்டினால் கோப்பையே நகரும். நானும் தியாகி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தின்றேன். அக்கம்பக்கத்தில் என் கட்டுப்பாட்டைப் பற்றி நல்லாய்க் கதைத்தார்கள். அதைக் கேட்டு எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

மூன்று மாதம் கழித்து மறுபடி லீவு போட்டு, மறுபடி இரத்தம் குடுத்தேன். சிவப்பு வட்டத்துக்குள் இருந்த எண் குறையவில்லை, கொஞ்சம் ஏறியிருந்தது. நான் விதி என்றேன். பரம்பரை என்றேன். அண்ணரைக் காட்டினேன். அவள் ரிப்போட்டை விளக்கு மாடத்துக்குள் செருகிவிட்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"நான் தேங்காயைக் குறைச்சுக் குறைச்சுப் பிள்ளையளும் மெலிஞ்சு போச்சுதுகள். நீங்கள் மட்டும் என்னண்டு ஏறினனீங்கள்?"

கிழிந்த பாதி

படித்தவன் கெட்டுப்போவான் என்பதற்கு நான் உதாரணம். பாண் சுற்றுகிற பேப்பரில் ஒரு நாள், இருதயத்துக்கு உள்ளிப்பூண்டு நல்லது என்று ஒரு கட்டுரை அகப்பட்டது. பச்சையாகத் தின்னவேண்டும், காலையில் தின்னவேண்டும் என்கிற வரைக்கும் இருந்தது. எவ்வளவு என்கிற பாதியில் யாரோ ஏற்கனவே பாண் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மருந்து என்றால் மனத்திருப்தி வருமளவுக்கு எடுக்கவேண்டும் என்பது என் கொள்கை. ஒரு முழு உள்ளியை உரித்து, பல்லுப் பல்லாய்க் கடித்து விழுங்கிவிட்டு, அன்றைக்குக் கடையில் விற்கிற ஆள் வராததால் விற்பனை மேசைக்கும் நானே போய் நின்றேன்.

வழக்கமாய் முதல் பாண் வாங்குகிறவர் ஒரு பென்சன்காரத் தபாலதிபர். ஒரு றாத்தல் பாணை வாங்கினார், மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார், பாணை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

"தம்பி, பாண் நல்லாத்தான் இருக்கு. கறியை மட்டும் நீர் தின்னாமல் எங்களுக்கும் தந்திருக்கலாம்."

சும்மா நடந்தது

நடப்பதிலும் பிரச்சினை வந்தது. எங்கள் ஊரில் ஆள் நடந்தால் காரணம் இருக்கவேண்டும். முதல்நாள் பின்னேரம் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாய் நடக்க, "எங்கை போறியள்?" என்று பதினாலு பேர் கேட்டார்கள். இரண்டாம் நாள் மூன்று பேர் சைக்கிளை நிறுத்தி, "ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறன்" என்றார்கள். வேண்டாம் என்றால் கோபிப்பார்களே என்று மூன்றிலும் ஏறினேன். மூன்றாம் நாள் சந்தியில் நின்ற, தமிழ் தெரியாத இந்தியச் சிப்பாய் எங்கே போகிறாய் என்று சைகையில் கேட்டான். சும்மா என்பதற்குச் சைகை இல்லை. அரைமணி நேரம் மதிலோடு நிற்கவைத்தான். நாலாம் நாள் ஒரு வெறும் எண்ணெய்ப் போத்தலைக் கையில் தூக்கிக்கொண்டு போனேன். போத்தல் வைத்திருப்பவனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டாரும் தங்கள் போத்தல்களைத் தந்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்பக்கத்தில் புகையிலைத் தோட்டம் செய்கிற சின்னத்தம்பியருக்கு அறுபத்தைந்து வயது. விடிய நாலு மணிக்கு இறைக்கத் தொடங்கினால் பொழுதுபட்டுத்தான் மண்வெட்டியைக் கழுவுவார். அவருக்கு ஒருநாள் நடையின் பயனை இருதயத்தின் நாலு அறைகளோடும் சேர்த்து விளங்கப்படுத்தினேன். பொறுமையாய்க் கேட்டார்.

"எல்லாம் சரி. ஒரு அலுவலும் இல்லாமல் நடக்கிறதெண்டால், என்ரை தோட்டத்துக்குள்ளை வந்து நடவுமன். கையிலை ஒரு ஓலைப் பட்டையும் தாறன், தண்ணியும் ஊத்தினதாப் போகும்."

பிஸ்கற் ரின்

ஒரு நாள் விடிகிற நேரம், கடைசி ஈடும் பெட்டிக்குள் போனபிறகு, அந்தோனி பெரிய தகரப் பிஸ்கற் ரின் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தான். பாண் துண்டுகள், பணிஸ் பாதிகள், ஒன்றரை றோல்ஸ், கேக்கின் ஓரங்கள். எல்லாவற்றிலும் மாஜரின் மினுங்கியது. குவித்துப் பார்த்தால் ஒரு குடும்பம் காலைச்சாப்பாட்டை முடிக்கலாம்.

"உது ஆரின்ரை?" என்று கேட்டேன்.

"உங்கடை."

"எத்தினை நாளையான்?"

"ராத்திரியான். நீங்கள் ஒண்டைப் பிய்க்கிற நேரம் நானும் அதே அளவிலை ஒண்டைப் பிய்ச்சு இதுக்குள்ளை போட்டனான்."

எனக்குக் கோபம் வந்தது. கூட்டிச் சொல்கிறான் என்றேன். என் துண்டு இவ்வளவு பெரிசு இல்லை என்றேன். எவ்வளவு சின்னதாய்ப் பிய்ப்பேன் என்று காட்டுவதற்காக ஒரு பணிஸைப் பிய்த்தேன். காட்டிக்கொண்டிருக்கும்போதே அது வாய்க்குள் போய்விட்டது. சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். அந்தோனி மட்டும் சிரிக்கவில்லை. மேசையில் கிடந்ததை ஒவ்வொன்றாய் எடுத்து ரின்னுக்குள் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"உங்கடை அண்ணரும் ஒரு நாளும் சாப்பிட்டவரில்லை அண்ணை. ருசிதான் பாத்தவர்."

நாக்கின் விலை

அன்று பகல் முழுக்க நித்திரை இல்லை. பரமேஸ்வரியை எழுப்பி, விதி என்றும் பரம்பரை என்றும் நான் சொன்னதெல்லாம் பொய் என்று சொல்ல நினைத்தேன். அவள் முழித்துத்தான் இருந்தாள், பகல் அல்லவா. எனக்குத்தான் தைரியம் வரவில்லை. பின்னேரம் வேலைக்குப் புறப்படும்போது படலையில் நின்று சொன்னேன். அவள் உள்ளே போய், ஒரு சின்னப் பெட்டியில் இரண்டு வெள்ளரிப் பிஞ்சும் ஒரு கொய்யாப்பழமும் வைத்துக் கொண்டுவந்து தந்தாள். வாய் சும்மா இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

முதலாளியிடம் போய், இனிமேல் நான் ருசி பார்க்கமாட்டேன், பேக்கரியின் பெயர் கெடலாம், மன்னிக்கவேண்டும் என்று தழுதழுத்தேன். அந்தோனியின் நாக்கை வைத்தோம். அவன் கடற்கரையில் வளர்ந்தவன். உப்பு அவனுக்குக் காணாது. மூன்று நாளில் பாண் கருவாட்டுக்குப் போட்டியாய் வந்தது. பிறகு முதலாளி கடைக்குப் போய் ஒரு அளவுக் கரண்டி வாங்கிவந்தார். ஒரு மூட்டைக்கு இத்தனை கரண்டி உப்பு, இத்தனை கரண்டி சீனி என்று சுவரில் கரியால் எழுதினோம். வெந்ததோ என்று பாணின் அடியில் விரலால் தட்டிக் கேட்டேன். வெந்த பாண் வெறும்பெட்டி மாதிரிச் சத்தம் போடும். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். பாண் முந்தியைவிட ஒரே சீராய் வந்தது. என் நாக்கைத் தேடி ஒரு வாடிக்கையாளரும் வரவில்லை. முதலாளி கரண்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவ்வளவு காலமும் இந்தச் சின்னக் கரண்டி செய்யிற வேலையைச் செய்யவோடாப்பா நீயும் உன்ரை அண்ணனும் முப்பது வருசம் தலையாட்டினனீங்கள்?"

எல்லோரும் சைக்கிளில்

தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கி, பொருட்கள் வருவது தடைப்பட்டது. பெற்றோல் இல்லை, முதலாளியின் வான் சில்லுக் கழற்றிக் கட்டைமேல் ஏறியது. மாஜரின் கண்ணில் காணக் கிடைக்கவில்லை. கேக் என்ற சொல்லே மறந்துபோயிற்று. மா வருகிற நாளில் பாண், வராத நாளில் போறணைக்கு விறகு கொத்துகிற வேலை. நான் சண்டிலிப்பாயிலிருந்து தினமும் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தேன். சுருட்டை மட்டும் நானாக விட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவும் நெருப்புப்பெட்டி விற்ற விலையில்.

எண் குறைந்ததோ என்று பார்க்க, சோதனை செய்கிற இடத்துக்குப் போனேன். அதே தம்பி மேசையில் தனியாய் இருந்தான். சோதிக்கிற மருந்து கொழும்பிலிருந்து வரவில்லை என்றான். ஆகவே இன்றுவரை அந்தச் சிவப்பு வட்டத்துக்குள் என்ன எண் போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நாற்பத்தெட்டு எனக்குத் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. பயம் வந்தால் காட்டுவதற்கு ஒரு துண்டுப் பேப்பர்கூடக் கையில் இல்லை.

மனம் சரியில்லாமல் திரும்பி வரும்போது, முன்னால் ஒருவர் வெள்ளைச் சேட்டோடு, பின்கரியரில் பையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து மிதித்துப் போவதைக் கண்டேன். எட்டிப் பிடித்துப் பார்த்தால் டொக்டர். காரைக் கொட்டிலில் விட்டுவிட்டு அவரும் சைக்கிளில் நோயாளிகளைப் பார்க்கத் திரிகிறார். மரியாதைக்காகக் கூடவே போவோம் என்று மிதித்தேன். என்னையறியாமல் முன்னுக்குப் போய்விட்டேன். சோதனை நடக்கவில்லை, மருந்து இல்லையாம் என்று திரும்பிச் சத்தமாய்ச் சொன்னேன். அவர் ஒரு காலை நிலத்தில் ஊன்றி நின்றார். அவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"உமக்குச் சோதனை முடிஞ்சுதுக் காணும். இனி என்னைத்தான் ஆரும் கொண்டுபோய்ச் சோதிக்கவேணும்."

அந்த ஒரு நாள்

அண்ணர் நாற்பத்தெட்டு வயதும் ஐந்து மாதமும் பதினொரு நாளும் இருந்தவர். பஞ்சாங்கத்தை வைத்து அந்தக் கணக்கு எனக்கு எப்போது வரும் என்று நானாகவே பார்த்துவைத்திருந்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. மா வந்திருந்தது. ஈடுகளைத் தள்ளினேன், தட்டிக் கேட்டேன், இழுத்தேன். நெஞ்சில் ஒரு காற்றுப் பிடித்தாலும் கை நின்றது. கடைசித் தட்டை வெளியே இழுத்து வைத்தபோது புதன்கிழமை விடிந்திருந்தது. மா மூட்டைப் பக்கம் நான் திரும்பவேயில்லை. வெளியே வந்து, கிணற்றடியில் முகம் கழுவி, கிணற்றுக் கட்டின்மேல் இருந்தேன். அந்தோனி தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டுப் போகாமல் பக்கத்தில் குந்தினான். நேற்று முழுக்க அவனுடைய கண் என்மேலேயே இருந்ததை அப்போதுதான் யோசித்தேன். கணக்கை அவனும் வைத்திருந்திருக்கிறான்.

சந்தோசம் வரும் என்று இரண்டு வருடமாய் நினைத்திருந்தேன். வந்தது வேறு ஒன்று. இன்றையிலிருந்து அண்ணரைவிட நான் ஒரு நாள் மூத்தவன். எனக்குப் பேப்பர்த் தோணி விடக் காட்டித் தந்தவர், போறணைக்குள் விறகு அடுக்கக் காட்டித் தந்தவர், எதிலும் எனக்கு முன்னால் போனவர், இனி எனக்குப் பின்னால்தான் நிற்பார். தேத்தண்ணி ஆறியது. "ஏன் அண்ணை அழுறியள், தாண்டியாச்சல்லோ?" என்று அந்தோனி கேட்டான். அழவில்லை, புகை என்றேன். கிணற்றடியில் புகை ஏது என்று அவன் கேட்கவில்லை. எழும்பி, வேட்டியில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிக்கொண்டு சொன்னான்:

"இவ்வளவு நாளும் அவரைப் பாத்துப் பயந்தியள். இனி முன்னுக்கு ஆளில்லை. சொந்தமாத்தான் பயப்பிட வேணும்."

இருதயத்தைக் காப்பாற்றிய கதை என்று இதை நான் பெருமையாய் எழுதத் தொடங்கினாலும், டொக்டர் வெருட்டினார், மனுசி மறித்தாள், அந்தோனி காட்டிக் கொடுத்தான், மிச்சத்தைப் பொருளாதாரத் தடை பார்த்துக்கொண்டது என்பதைக் கழித்துவிட்டால், இதில் நானாய்ச் செய்தது வாயைத் திறந்தது மட்டும்தான்.